தாயைச் சாகடித்த பாட்டு

அவன் பாடினால் எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறியும். பாடி முடிந்ததும் அவன்மேல் அருவருப்பு வரும். ஒரே ஆளால், ஒரே பாட்டால், சில வேளை ஒரே வரியால் இந்த இரண்டும் நடக்கும். எத்தனையோ வருசம் போயும் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் விளம்பரமாக்கிக் கொள்வான்.

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். பகலில் ஓர் அச்சகத்தில் வேலை, வார இறுதிகளில் எங்கள் சனம் நிறைந்து வாழும் ஸ்காபரோ என்ற புறநகரின் கல்யாண மண்டபங்களில் வாசிப்பு. பிறகு சில வருசம் அவனுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். பேஸ் வாசிப்பவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சபை அவனுடைய முகத்தைப் பார்த்தது, நான் முதுகைப் பார்த்தேன். முகத்தில் கண்ணீர் ஓடும்போது அந்த முதுகு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது எனக்கும் டிரம்ஸ்காரனுக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

அவன் பாடியது ஆர் அன்ட் பி. கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயங்களிலும் தெருக்களிலும் உண்டாக்கிய சங்கீதம். ஒரு சொல்லை எடுத்து, அதை வளைத்து வளைத்து, மூச்சு முட்டுகிற இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். பெரும்பாலும் கெஞ்சுகிற பாட்டு. போகாதே, திரும்பி வா, என்னை மன்னித்துவிடு. மன்னாரிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவன், கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவில் தொடங்கினான். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் பள்ளிக்கூடம் படித்தபோது ஜமேக்காப் பொடியங்களோடு சேர்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுக்கு அடியில் நின்று இந்தப் பாட்டைப் பழகினான். குரல் நல்ல குரல். அதில் நான் கஞ்சத்தனம் காட்ட முடியாது. ஆங்கிலத்தில் பாடினாலும் அடியில் எங்கேயோ ஒரு பெரிய வெள்ளிப் புலம்பல் கிடந்தது. நகர நடுவான டவுன்டவுனின் சனத்துக்கு அது புதுசாக இருந்தது.

ஆனால் அவனுடைய உண்மையான திறமை பாட்டில் இல்லை, காதில் இருந்தது. அவனைப்போல மற்றவன் துக்கத்தைக் கேட்கிற மனிதனை நான் கண்டதில்லை. நீங்கள் வாயைத் திறந்தால் போதும், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் கொள்வான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடையில் ஒரு சொல்லும் பேசாமல் கேட்பான். பெற்ற தாய்க்கும் சொல்லாததை ஆட்கள் அவனுக்குச் சொன்னார்கள். முடிந்ததும் கட்டிப்பிடிப்பான். அவர்கள் மனப் பாரம் இறங்கி வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது பாட்டாக வரும்.

எங்கள் டிரம்ஸ்காரனின் மனைவி அவனை விட்டுப் போனாள். போகிற அன்று காலை அவள் சொன்ன கடைசி வார்த்தையை அந்தப் பாவி இவனிடம் சொல்லி அழுதிருக்கிறான். பெரிய வசனம் ஒன்றும் இல்லை. குளிர்பெட்டிக்குள் சாப்பாடு இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு என்றாள், அவ்வளவுதான். இவன் அதை ஆங்கிலத்தில் நாலு சொல்லாக மாற்றிப் பல்லவி ஆக்கினான். புதுப் பாட்டு என்று ஒத்திகைக்குக் கொண்டுவந்து பாடிக் காட்டியபோது டிரம்ஸ்காரன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு இருந்தான். முகம் செத்துப் போயிருந்தது. இவன் போய் அவனுடைய தோளில் கைபோட்டு, தாளத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கச் சொன்னான். அவன் பிடித்தான். நாங்கள் எல்லாரும் பிடித்தோம். அந்தப் பாட்டால்தான் இவன் பெயர் வெளியே வந்தது. இளம்பிள்ளைகள் போனில் போட்டுக் கேட்டார்கள், லண்டனுக்கும் பாரிசுக்கும் கூப்பிட்டார்கள். டிரம்ஸ்காரன் போகிற இடமெல்லாம் தன் மனைவி விட்டுப் போன காலையைத் தானே தாளம் தட்டி வாசித்துக் கொண்டு திரிந்தான். இதைவிட அரியண்டம் வேறென்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். எனக்கு அனுபவம் போதாது.

ஒருநாள் குழுவின் வான் வண்டியில் வரும்போது பாடகனைக் கேட்டேன், உனக்குக் கூச்சம் இல்லையா என்று. அவன் கோபிக்கவில்லை. கோபிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னான்:

"அண்ணை, ஃபீலிங் உண்மையெண்டால் போதும். ஆருக்கு நடந்தது எண்டது முக்கியமில்லை."

பிறகு தொண்டைக்குக் குளிர்காற்றுப் படாமல் ஜன்னலை மூடிக்கொண்டான்.

அவனுடைய தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலோமினாக்கா நான் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருக்கிறார். கணவர் ஊரிலேயே கடலில் இறந்துபோனார். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் காலமெல்லாம் நின்று வேலை செய்து பிள்ளையை வளர்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு விசயம்தான் அவருக்கு. ஒன்று மகன், மற்றது கோயில். மகன் டவுன்டவுனில் ஒரு கொண்டோ வீட்டில் இருந்தான், நினைத்தால் வருவான். கோயிலுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் கொண்டுபோய் விடுவேன். நான் சைவ சமயத்தவன். இருந்தாலும் குளிருக்குள் காருக்குள் இருக்க ஏலாமல் பின்னுக்கு உள்ள வாங்குப் பலகையில் போய் இருந்து இருந்து எனக்குப் பூசை பாதி பாடமாகிவிட்டது.

டவுன்டவுனில் ஒரு கிளப்பில் நிகழ்ச்சி நடந்த அன்று மதியம் அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் பிட்டும் சுறா வறையும் தந்தார். மகனுக்குக் குரல் அடைக்கக் கூடாது என்று மிளகுத் தண்ணீரும் வைத்துக் கொடுத்தார். அன்று மாலை மேடையில் மெதுவான பாட்டு ஒன்றின் நடுவில் அவன் நிறுத்தினான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து விரலைத் தாழ்த்தினான். சத்தத்தைக் குறைத்து இரண்டே சுரத்தில் சுற்றிக் கொண்டிருங்கள், நான் பேசப் போகிறேன் என்று அர்த்தம். பேசினான். தன் தாய் போரில் செத்துப்போனார், கடைசியாக ஒரு சொல் பேசக் கிடைக்கவில்லை, இந்தப் பாட்டு அவருக்கு என்றான். பின்திரையில் பிலோமினாக்காவின் இளவயதுப் படம் வந்தது. கீழே பெயரும் ஊரும்.

என் விரலில் அந்தச் சுறா வறையின் மணம் இன்னும் இருந்தது. அந்த விரலால்தான் அவருடைய சாவுக்கு வாசித்துக் கொண்டிருந்தேன்.

கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முடிந்ததும் வரிசையில் நின்று அவனைக் கட்டிப்பிடித்தார்கள். வண்டிக்குள் ஏறியதும் நான் கத்தினேன். இனிச் சொல்லமாட்டேன் என்றான். சொன்னான். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அந்தச் சாவு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ஒருநாள் காய்ச்சலில் போனார், ஒருநாள் ஷெல்லில் போனார், ஒருநாள் இவனுடைய மடியிலேயே போனார். தமிழ் நிகழ்ச்சிகளில் மட்டும் வாயே திறக்கமாட்டான். எங்கள் சனம் எந்த இடம், எந்த மாதம், ஆரோடு இடம்பெயர்ந்தது என்று துருவிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். டவுன்டவுனை ஒரு நாடாகவும் ஸ்காபரோவை இன்னொரு நாடாகவும் நினைத்துக் கொண்டிருந்தான். எங்கள் பிள்ளைகளும் ரயிலேறி அங்கே பாட்டுக் கேட்கப் போகிறார்கள் என்பது அவனுடைய மண்டைக்குள் ஏறவில்லை.

பிறகு நடந்ததற்குக் காரணம் அப்படிப் போன பிள்ளை ஒன்றுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், முதியோர் இல்லத்தில் வேலை. நல்ல மனம். படத்தையும் பெயரையும் பார்த்திருக்கிறாள், நெஞ்சில் தங்கிவிட்டது. கார்த்திகை மாதம் கத்தோலிக்கருக்கு இறந்தவர்களின் மாதம். அவரவர் வீட்டில் செத்தவர்களின் பெயரைக் கொடுத்துப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். அந்தப் பெண் தன் அப்பப்பாவின் பெயரோடு, அந்தப் பாடகனின் தாய்க்கும் ஒரு பூசை என்று பெயர் கொடுத்துவிட்டாள். வேறு ஊர்ச் சனமாக இருந்தால் இரண்டு வரி கொமென்ட் எழுதிவிட்டுப் போயிருக்கும். நாங்கள் பூசை கொடுப்போம்.

ஞாயிறு காலை. கோயில் நிறைந்து இருந்தது. வேறு கோயிலிலிருந்து அன்றைக்கு மட்டும் பூசை வைக்க வந்திருந்த சுவாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். மன்னாரைச் சேர்ந்த பிலோமினா அவர்களின் ஆன்மா இளைப்பாற்றி அடைய, என்றார். அக்கா முன்னுக்கு மூன்றாம் வாங்கில் இருந்தார். சனம் எல்லாம் திரும்பியது. அவர் திரும்பாமல் எல்லாரோடும் சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொன்னார். தன் ஆன்மாவுக்காகத் தானே.

பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். ஆர் குடுத்தது, ஏன் குடுத்தது என்று ஒரே இரைச்சல். அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டு முன்னுக்கு வந்து, பாடகன் மேடையில் சொன்னதை, படத்தை, எல்லாம் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னது. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய அதே கணத்தில் மகனைக் காப்பாற்றவும் தொடங்கிவிட்டார்.

"அது நானில்லைப் பிள்ளை. என்ர ஒன்றுவிட்ட தங்கச்சி. அவளும் பிலோமினாதான், ஆச்சியின்ர பேர். அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தவள். அவளைத்தான் அம்மா எண்டு கூப்பிடுவான்."

சனம் நம்பியது. நம்பியதோடு விட்டதா? ஒவ்வொரு ஞாயிறும் அந்த இல்லாத தங்கச்சியைப் பற்றி விசாரித்தது. எப்படிச் செத்தவ, பிள்ளை குட்டி இருக்கோ, எந்தச் சேமக்காலையில் அடக்கம் செய்தது. அக்கா பொய்க்கு மேல் பொய் அடுக்க வேண்டி வந்தது. ஊசி முனையளவு பிழை செய்தாலும் சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொள்கிற மனுசி.

நான் அவனுக்குப் போன் எடுத்தேன். வந்து உண்மையைச் சொல், தாயின் காலில் விழு என்றேன். அவன் கவனமாகக் கேட்டான், வழக்கம்போல.

"அம்மா சமாளிச்சிட்டா எண்டு எனக்கும் சொன்னவ. பிறகென்ன அண்ணை?" என்றான்.

அன்றோடு அவனுடைய இசைக்குழுவிலிருந்து விலகினேன். அவன் புது ஆளைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சாவு நிற்கவில்லை.

அக்கா நன்மை எடுப்பதை நிறுத்திவிட்டார். நன்மை என்பது பூசையில் கொடுக்கும் அப்பம், சாவான பாவம் உள்ளவர்கள் அதை வாங்கக்கூடாது. சனம் வரிசையாக எழும்பிப் போகும்போது அவர் மட்டும் முழந்தாளில் இருப்பார். ஒருநாள் காருக்குள் நான் கேட்காமலே சொன்னார். சுவாமியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். ஆரிடம் பொய் சொன்னாரோ அவர்களிடம் திருத்திச் சொன்னால்தான் அது தீரும் என்று சுவாமி சொல்லியிருக்கிறார். திருத்திச் சொன்னால் மகனுடைய முகத்தில் கரி. சொல்லாவிட்டால் நன்மை இல்லை. மகனையும் இந்த நன்மையையும் தவிர அவருக்கு வேறு சந்தோசம் இருந்ததில்லை.

"அவன் என்னைச் சாகடிச்சதைப் பற்றி ஒண்டுமில்லைத் தம்பி," என்றார். "கோயிலுக்குள்ள வைச்சு என்னைப் பொய் சொல்ல வைச்சிட்டான்."

பிறகு தமிழ்க் கோயிலுக்கே போகாமல் விட்டார். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாலும் வேண்டாம் என்று, பஸ் பிடித்து வெக்ஸ்போர்ட்டில் ஓர் ஆங்கிலக் கோயிலுக்குப் போனார். அங்கே அவரை ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் அங்கே ஒன்றும் விளங்காது. பூசை கேட்ட முகத்தோடு திரும்பி வருவார் என்று சொல்ல மாட்டேன். கடைக்குப் போய்ச் சாமான் கிடைக்காமல் வந்தவர் மாதிரித்தான் வருவார்.

வருசங்கள் போயின. அவனுடைய பாட்டுக்குக் காலம் முடிந்தது. அவனைவிட இளசான குரல்கள் வந்தன. லண்டன் கூப்பிடவில்லை, பாரிஸ் கூப்பிடவில்லை. நகர ஓரத்தில் ரூஜ் பக்கம் புது வீடு வாங்கியவர்களின் பிள்ளைகளுக்குக் கல்யாணத்தில் முதல் நடனத்துக்குப் பாடினான். தொப்பையை மறைக்கக் கறுப்புச் சட்டை போட்டான். மற்றவன் துக்கமும் முடிந்து, தன் தாயின் சாவும் பழசாகி, விற்க ஒன்றும் இல்லாமல் நின்றான். இனித் திருந்துவான் என்று நினைத்தேன். எனக்குத்தான் புத்தி வரவில்லை.

இந்த வருசம் வசந்தத்தில் அக்காவின் வீட்டுக்கு வந்தான். என்னையும் கூப்பிட்டு இருத்தினான். தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். தான் செய்தது பெரும் பாவம், உலகத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றான். எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சு இளகிவிட்டது. பிறகுதான் திட்டம் வெளியே வந்தது. உண்மை சொல்வதற்கென்று ஒரு புதுப் பாட்டுக் கட்டியிருக்கிறான். ஸ்காபரோவில் ஒரு மண்டபம், சனிக்கிழமை பின்னேரம், கோயில் சனத்தையும் அழைத்தாயிற்று. பாட்டின் நடுவில் முழந்தாளில் நின்று, என் தாய் செத்ததாகப் பாடித் திரிந்தேன் என்று சொல்வான். சபை அழுகிற நேரம் பார்த்து, பக்கத்திலிருந்து அக்கா உயிரோடு நடந்து வரவேண்டும். மைக்கைப் பிடிப்பான். நான் மன்னிச்சிட்டன் ராசா என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

தாயைச் சாகடித்துப் பிழைத்தவன், இப்போது உயிர்ப்பித்துப் பிழைக்கப் பார்க்கிறான். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அக்கா சொன்னார்:

"கோயில் ஆக்கள் எல்லாரும் வருவினமோ?"

வருவார்கள் என்றான் அவன், குதூகலமாக. அப்படியென்றால் தானும் வருகிறேன் என்றார் அக்கா. அவன் போன பிறகு நான் அவரோடு சண்டை பிடித்தேன். பிள்ளைப் பாசத்துக்கும் ஒரு அளவு வேண்டும் என்றேன். அவர் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு, அன்றைக்கு நீங்கள்தான் காரில் கொண்டுபோக வேணும், மேடையிலும் வாசிச்சுக்கொண்டு நில்லுங்கோ, எனக்குத் தெரிந்த முகம் ஒன்று வேணும் என்று மட்டும் சொன்னார். அவருக்காக ஒத்துக்கொண்டேன். ஒத்திகையில் அவன் அவருக்கு நடக்கப் பழக்கினான். இந்த இடத்தில் நின்று, இப்படித் திரும்பி, இவ்வளவு நேரம் பார்த்து. அவர் சொன்னபடி எல்லாம் செய்தார். எனக்கு அவர்மேலும் வெறுப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் முட்டி வழிந்தது. கோயில் பெண்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். பூசை கொடுத்த பெண்ணும் நடுவில் எங்கேயோ ஒரு கைக்குழந்தையோடு இருந்தாள். அவன் பாடினான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத்தான் பாடினான். மன்னித்துவிடு என்ற ஒரு சொல்லை எடுத்து ஏறி இறங்கி அலைந்தான். முழந்தாளில் விழுந்து உண்மையைச் சொன்னான். முன்வரிசை தேம்பியது, போன்கள் உயர்ந்தன. பக்கத் திரை விலக, பிலோமினாக்கா மண்ணிறச் சேலையில் நடந்து வந்தார்.

அவன் மைக்கை அவருடைய வாய்க்கு நேரே நீட்டினான். அவர் அதை அவனுடைய கையிலிருந்து வாங்கினார். ஒத்திகையில் அப்படி இல்லை. அவனைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்தார்.

"நான் பிலோமினா. இவன்ர தாய். என்ர பேருக்குக் கோயில்ல பூசை நடந்தது. செத்தது என்ர ஒன்றுவிட்ட தங்கச்சி எண்டு நான் உங்களுக்குச் சொன்னனான். எனக்கு அப்பிடி ஒரு தங்கச்சி இல்லை. நான் சொன்னது எல்லாம் பொய். பூசை குடுத்த பிள்ளை இஞ்ச இருந்தால், என்னை மன்னிச்சுக்கொள் மகள்."

மைக்கை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ராசா என்று ஒரு சொல் வரவில்லை. அவன் கையை விரித்தபடி முழந்தாளிலேயே நின்றான். ஒரு கணம்தான். சபை எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. அவர்களுக்கு அதுவும் நிகழ்ச்சிதான். அவன் எழும்பிக் கும்பிட்டான்.

நான் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பல வருசமாகக் காணவில்லை. அவன் வேர்வையோடு ஓடி வந்தான். அவமானப்பட்டவனின் முகமா என்று பார்த்தேன். இல்லை, பூரித்துப் போயிருந்தான்.

"அம்மா, என்ன மாதிரிச் செய்தனீங்கள்," என்றான். "நான் எழுதித் தந்ததை விட உதுதான் வேலை செய்தது. வாற கிழமை மொன்றியலில நிகழ்ச்சி. அங்கயும் உதையே சொல்லுங்கோ. தங்கச்சி இல்லை எண்டாப் பிறகு மட்டும் கொஞ்சம் நிண்டு சொல்லுங்கோ. ஆக்களுக்கு அழ நேரம் வேணும்."

அக்கா தண்ணீர்ப் போத்தலை மூடினார். அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மொன்றியலில நான் செத்திட்டன் எண்டே சொல்லு," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, நாளைக்கு எங்கட கோயிலில் காலைப் பூசைக்குப் போகவேணும், இப்ப காரை வாசலுக்கு எடுங்கோ தம்பி என்றார்.